மரக்குதிரையைத் தூக்கிப் போடலாமா?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. எந்நேரமும் குதிரைதான் வரைகிறான். சென்னையிலிருந்து வந்த என் தம்பி, ஓவியர்கள் பார்த்து வரைவதற்கென்று விற்கிற மரக்குதிரை ஒன்றை அவனுக்கு வாங்கி வந்தான். கால், கழுத்து, தலை எல்லாம் மூட்டு மூட்டாகத் திரும்பும். ஓவிய வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "இதை வைத்து வரைந்தால் கை மரத்துப்போகும், தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டார். பையன் சோர்ந்து போயிருக்கிறான். அடுத்த முறை பூனையும் வாங்கி வருவதாகத் தம்பி சொல்கிறான். என்ன செய்யட்டும்?

செ., மேமியோ, பர்மா

அன்புள்ள செ. அவர்களுக்கு,

தூக்கிப் போட வேண்டாம். வாத்தியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம்.

உயிருள்ள குதிரை செய்யாத ஒன்றை மரக்குதிரை செய்யும்: அசையாமல் நிற்கும். நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தால் குதிரையின் நீண்ட உடம்பு சுருங்கி, மார்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வரைய வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். பொம்மையை மேசைமேல் வைத்து, ஒரு பக்கம் விளக்கேற்றி, எதிரிலிருந்தும் கீழிருந்தும் பையன் வரையட்டும். நிழல் எங்கே விழுகிறது, எந்தக் கால் எதை மறைக்கிறது என்பதெல்லாம் பிடிபடும்.

அது பொய் சொல்லும் இடங்களையும் அவனுக்குக் காட்டிவிடுங்கள். முதலாவது தோள். பொம்மையின் முன்கால் உடம்பில் அடித்த முளையில் சுழலும். நமக்குத் தோளை நெஞ்செலும்போடு இணைக்கிற காறை எலும்பு நிஜக் குதிரைக்குக் கிடையவே கிடையாது. தோள்பட்டை எலும்பைத் தசைகள்தான் விலாவோடு பிடித்து வைத்திருக்கின்றன. இரண்டு தோள்களுக்கு நடுவே மார்பு தூளிபோல் தொங்குகிறது. அதனால் கால் முன்னே போகும்போது தோளும் விலாமேல் வழுக்கிக்கொண்டு நகரும். பொம்மையைப் பார்த்து வரைந்த குதிரை விறைப்பாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே. அடுத்து, குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டு. எடை இறங்கும்போது அது தரையை நோக்கித் தாழும், எடை நீங்கியதும் எழும். மரத்துக்கு எடை தெரியாது.

இன்னொன்று. மகனைக் கையை மேசைமேல் ஊன்றி, நடுவிரல் நுனியில் மட்டும் நிற்க வைக்கச் சொல்லுங்கள். குதிரையின் முன்கால் அதுதான். நாம் முன்கால் முட்டி என்று சொல்வது அதன் மணிக்கட்டு. பின்காலில் பின்பக்கம் மடங்கித் தெரிவது குதிகால். இதை ஒருமுறை தன் கையில் உணர்ந்துவிட்டால் பொம்மையின் காலைத் தப்பான பக்கம் மடக்க மாட்டான்.

பாய்ச்சலில் கவனம் தேவை. பொம்மையைப் பாய வைக்கச் சொன்னால் முன்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பின்கால் இரண்டையும் பின்னே நீட்டி வைப்பார்கள். பிரெஞ்சு ஓவியர் ழெரிகோ 1821-இல் வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்திலேயே குதிரைகள் அப்படித்தான் பறக்கின்றன. 1878-இல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்களில்தான் உண்மை தெரிந்தது: நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் நேரத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன.

பொம்மைக்குப் பதிலாக மந்தலேயில் விற்கும் பொம்மலாட்டக் குதிரை போதாதா என்று உங்கள் ஊரில் யாராவது கேட்கலாம். யமனே என்று பர்மியர் சொல்லும் நம் குமிழ மரத்தில் செதுக்கியது, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அதன் கால்கள் நூலை நம்பித் தொங்குபவை. வைத்த இடத்தில் நிற்காது. வரைய உதவாது.

மேமியோவில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். வீட்டை விட்டு வெளியே வந்தால் குதிரை வண்டி! சாயங்காலம் வண்டி நிற்கும் இடத்துக்கு அவனை அழைத்துப் போங்கள். வரைய வேண்டாம், முதலில் பார்க்கட்டும். மெதுவாக நடக்கும்போது இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று ஒவ்வொன்றாக ஊன்றும். ஓட்டம் பிடித்ததும் எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து விழும். சத்தம் நான்கிலிருந்து இரண்டாகும். வீட்டுக்கு வந்ததும் பார்த்ததைப் பொம்மையில் வைத்துப் பார்த்து வரையட்டும். வாத்தியாரிடமும் இதையே சொல்லுங்கள், மறுக்க மாட்டார்.

பூனை வாங்க வேண்டாம். குதிரையின் முதுகு அதிகம் வளையாது, அதனால் ஒரே கட்டையாகச் செய்த உடம்பு அதற்கு ஓரளவு பொருந்தும். பூனையின் அசைவு முழுக்க முதுகெலும்பில் இருக்கிறது. அந்தக் காசுக்குத் தம்பியை நல்ல கரிக்குச்சியும் தாளும் வாங்கி வரச் சொல்லுங்கள்.