86 டெஸ்ட் பேக்கேஜில் இல்லாதவை

கேள்வி: எனக்கு வயது 47, கணவருக்கு 52. போன வருடம் லேபிலிருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, ஆளுக்கு 86 டெஸ்ட் செய்தார்கள். என் ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 17, யூரிக் ஆசிட் 6.3 என்று வந்ததால் பயந்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். ஹீமோகுளோபின் 9.4. மாதவிலக்கு இப்போதெல்லாம் அதிகமாகப் போகிறது, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்று மாத சர்க்கரை சராசரி 6.0. இந்த வருடம் கூடுதலாக 1,200 ரூபாய் கொடுத்தால் கேன்சர் மார்க்கரும் (ரத்தத்தில் கேன்சரின் தடயத்தைத் தேடும் டெஸ்ட்) சேர்த்துப் பார்ப்பார்களாம். சேர்க்கலாமா? கணவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, புகையிலை மட்டும் போடுவார்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கேன்சர் மார்க்கர் வேண்டாம். அந்த 1,200 ரூபாய்க்கு வேறு வேலை இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் போன வருட ரிப்போர்ட்டையே இன்னொரு முறை பார்க்க வேண்டும். பயப்படத் தேவையில்லாத இரண்டு வரிகளுக்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டு, கவனிக்க வேண்டிய ஒரு வரியை விட்டுவிட்டீர்கள்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9.4 என்பது நடுத்தர ரத்தசோகை. காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அதிகமாகப் போகும் மாதவிலக்கு. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றுவது, பத்து ரூபாய் நாணய அளவுக்குக் கட்டி விழுவது, இவற்றில் எது இருந்தாலும் 'இந்த வயசுக்கு இப்படித்தான்' என்று தள்ளிப்போடக் கூடாது. 45 வயதுக்கு மேல் உதிரப்போக்கின் போக்கு மாறினால், மகப்பேறு மருத்துவர் அல்ட்ராசவுண்டும் தைராய்டும் பார்ப்பார். தேவைப்பட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார். இது செக்கப் அல்ல, சிகிச்சை. செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.

ரத்தசோகையால் சர்க்கரைக் கணக்கும் குழம்பியிருக்கலாம். மூன்று மாத சராசரி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த அளவு உள்ளதைவிட ஏற்றிக் காட்டும். எனவே உங்கள் 6.0ஐ அப்படியே நம்ப முடியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரையும் பாருங்கள். முதலாவது 126, இரண்டாவது 200 தொட்டால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து முத்திரை குத்தக் கூடாது, இன்னொரு முடிவும் அதையே சொல்ல வேண்டும்.

இனி, 'நார்மல்' அளவைத் தாண்டியதாக ரிப்போர்ட்டில் காட்டும் அந்தத் தடித்த எழுத்துகள். பல டெஸ்ட்களில் ஆரோக்கியமான 100 பேரை அளந்தால் நடுவில் வரும் 95 பேரின் அளவைத்தான் 'நார்மல்' என்று அச்சடிக்கிறார்கள். மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்களே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் செய்தால், எந்த நோயும் இல்லாத ஆளுக்கும் ஒன்றாவது கோடு தாண்டுவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. 86 என்றால் கேட்கவே வேண்டாம். மூட்டு வீங்கி வலிக்காதவருக்கு யூரிக் ஆசிட் 6.3க்கு மாத்திரை எதற்கு? வைட்டமின் டியும் எல்லோருக்கும் வருடா வருடம் பார்க்க வேண்டிய டெஸ்ட் அல்ல.

கேன்சர் மார்க்கரில் இதே குழப்பம் இன்னும் பெரிதாக வரும். சினைப்பை கேன்சருக்கான மார்க்கர் சிஏ-125 மாதவிலக்கு நாட்களில் ஏறும், ஃபைப்ராய்டு என்ற கேன்சர் அல்லாத கர்ப்பப்பைக் கட்டி இருந்தாலும் ஏறும். உங்களுக்கு இருக்கிற உதிரப்போக்கில் அது ஏறி வந்தால், ஸ்கேன், மறு ஸ்கேன், தூக்கமில்லாத இரவுகள். நார்மல் என்று வந்தாலும் கேன்சர் இல்லை என்று அர்த்தம் கிடையாது. அதுதான் இன்னும் ஆபத்து.

நிஜமாகவே உயிரைக் காக்கிற சோதனைகள் பலவும் ரத்தம் பிடிக்கும் குழாயில் அடங்காதவை. ஒருவர் எதிரில் உட்கார்ந்து கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டியவை. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவரால் அதைச் செய்ய முடியாது.

உங்களுக்கு முதலில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. இதுவரை செய்ததாக நீங்கள் எழுதவில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள்: நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் மாதவிலக்கு நிற்கும் வயது நெருங்கும்போது பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சுருங்கிப் போவதால் தவறவிட வாய்ப்பு உண்டு. உங்கள் வயதில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் ஹெச்பிவி டெஸ்ட் மேல், நார்மல் என்றால் அடுத்தது ஐந்து வருடம் கழித்துத்தான். இல்லையென்றால் கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், மூன்று வருடத்துக்கு ஒரு முறை. அந்த 1,200 ரூபாயை இதற்குப் போடுங்கள். அந்த மாத உதிரப்போக்கு முடிந்தபின் போங்கள். முந்தைய இரண்டு நாட்கள் உள்ளே வைக்கும் மருந்தும் உடலுறவும் வேண்டாம்.

அடுத்தது மார்பகம். 40 தாண்டியவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கலாம். அன்று அக்குளில் பவுடரோ டியோடரண்டோ கூடாது. படத்தில் அது, கேன்சருக்காகத் தேடும் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே விழும். கட்டி ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டால், மேமோகிராம் நார்மல் என்று வந்திருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

உங்கள் கணவருக்கு 'ஒரு தொந்தரவும் இல்லை' என்கிறீர்கள். புகையிலை போடுபவருக்கு முதல் செக்கப் வாய்தான். டார்ச் அடித்து, கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடியில், புகையிலையை அடக்கி வைக்கும் ஈறுப் பள்ளம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், மூன்று விரலைச் செங்குத்தாக வைக்கும் அளவுக்கு வாய் திறக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடமோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ உடனே காட்டுங்கள். எதுவும் இல்லையென்றாலும் வருடம் ஒரு முறை பல் மருத்துவர் பார்க்கட்டும். புராஸ்டேட் கேன்சரைத் தேடும் பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் அவருக்கு இப்போது அவசியமில்லை, அப்பா அல்லது சகோதரருக்குப் புராஸ்டேட் கேன்சர் இருந்தால் தவிர.

பிரஷரை இரண்டு பேருமே பார்க்க வேண்டும், சரியாகப் பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்த கையோடு, பேசிக்கொண்டே, சட்டைக்கு மேல் பட்டையைச் சுற்றி எடுத்த அளவு பயன்படாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு உயரத்தில் இருக்க உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபியும் புகையிலையும் கூடாது. பருத்த கைக்குப் பெரிய பட்டை கேளுங்கள், சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, 140/90 தாண்டினால் வேறொரு நாளும் பாருங்கள். கூடவே டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, இவற்றைத் தாண்டக் கூடாது.

ரத்தத்தில் உங்கள் இருவருக்கும் தேவை ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின். கூடவே சிறுநீர்ச் சோதனை. அவ்வளவுதான். வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம், தண்ணீர் மட்டும். சர்க்கரை போடாத காபியும் கூடாது. தினமும் சாப்பிடும் பிரஷர் மாத்திரையைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் சர்க்கரைக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தை எண்ணுங்கள், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. வீட்டில் ரத்தம் எடுத்தால், சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் மூடிக் குழாயில் போகிறதா என்று பாருங்கள். மருந்து சேர்க்காத வேறு குழாயில் கிடந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கிவிடும். வெயிலில் பைக் பெட்டியில் ஊரெல்லாம் சுற்றிய பிறகு லேபுக்குப் போனால் சர்க்கரை கூடியவருக்கும் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரக்கூடும்.