வண்டிக்கு வண்டி பேசும் ப்ராஜெக்ட்: மகள் எடுக்கலாமா?

ஐயா, ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், ஓடும் வண்டிகள் ரேடியோ வழியே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இந்தத் துறையில்தான் ப்ராஜெக்ட் செய்வேன் என்று அடம்பிடிப்பதாகவும், இதை நம்பினால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கட்டும். என்ன செய்கிறாள் என்பதை மட்டும் பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் நான்கு ரேடியோ மாட்யூல் வாங்கி, இரண்டு பொம்மைக் கார்களில் ஒட்டி, கிட்டே வந்தால் எல்இடி எரிகிறது என்று காட்டினால் வைவாவில் மார்க் விழும். இன்டர்வியூவில் எடுபடாது. இரண்டு வண்டிக்குள் செய்தி போவது பெரிய விஷயமே இல்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் எத்தனை போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி.

இந்த முறையில் ஒவ்வொரு வண்டியும் தன் இடத்தையும் வேகத்தையும் வினாடிக்கு 10 முறை வரை அறிவிக்கும். வீட்டு வைஃபையில் 'வந்து சேர்ந்தது' என்று பதில் வரும், வராவிட்டால் மறுபடி அனுப்பும். இங்கே எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பு என்பதால் அப்படிப் பதில் வராது. கட்டடம் மறைத்து ஒன்றையொன்று கேட்காத இரண்டு வண்டிகள் ஒரே கணத்தில் அனுப்பினால், நடுவில் இருக்கும் மூன்றாவது வண்டிக்கு இரண்டுமே கிடைக்காமல் போகலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஐந்து செய்தி தொலைந்தால், அடுத்தது வருவதற்குள் வண்டி 10 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறு சேர்ந்தது என்ற சராசரி போதாது. தொலைந்த பத்தும் சிதறிப் போனதா, சேர்ந்தாற்போல் போனதா என்று அவள் பார்க்க வேண்டும். செல்போன் தொழில்நுட்பத்திலிருந்து வந்த சி-வி2எக்ஸ் முறையில், செய்தி அனுப்ப இரண்டு வண்டிகள் ஒரே நேரத் துண்டைப் பிடித்துவிட்டால் அவற்றின் செய்திகள் அடுத்தடுத்து மோதிக்கொண்டே இருக்கும். நல்ல ப்ராஜெக்ட் அங்கேதான் இருக்கிறது. நெட்வொர்க்கைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் என்எஸ்-3, சாலைப் போக்குவரத்தை ஓட்டிப் பார்க்கும் சுமோ இரண்டும் இலவசம், லேப்டாப் போதும்.

வேலை விஷயம். இந்தப் பெயரிலேயே வரும் காலியிடங்கள் குறைவு, மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் 1999-இல் இதற்கு ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையை 2020-இல் 30 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஒரே தொழில்நுட்பத்தை நம்பி உட்கார வேண்டாம். சி++, நிகழ்தகவு, நெட்வொர்க்கில் போகும் செய்திகளைப் பிடித்துப் பார்க்கும் வயர்ஷார்க் மூன்றும் கைவந்தால் ஒரகடம், மகேந்திரா சிட்டி பக்கம் வாகன மென்பொருள், டெஸ்டிங் வேலைகளுக்கும் முயலலாம். ஐடி வேலை வாய்ப்பும் கைநழுவாது.

அப்புறம், ப்ராஜெக்ட் சென்டருக்கென்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். செமஸ்டர் லீவில், எத்தனை செய்தி சேர்ந்தது என்று காட்டும் முதல் வரைபடத்தை அவளே போட்டுக் காட்டட்டும்.