அதே பதினைந்து பேர்தான் வருகிறார்களா?

வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் மாதாமாதம் வரலாற்று நடை நடத்துகிறோம், ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் போஸ்டர் போட்டும் அதே பதினைந்து பேர்தான் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இணைத்த போஸ்டரைப் பார்த்தேன். சிக்கலே அதில்தான்.

தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை என்று வரிசையாக முகங்கள். எங்கே போகிறோம் என்பது கடைசியில், பொடி எழுத்தில். உங்களைத் தெரியாதவருக்கு இந்தப் பெயர்களால் என்ன பயன்? 'சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகை: சமணர் கற்படுக்கைகளையும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளையும் நேரில் பார்க்கலாம்' என்று மேலே பெரிதாகப் போடுங்கள். (முன்னிலை வகிப்பவர் கோபித்துக்கொண்டால் நடையில் மைக்கைக் கொடுத்துவிடுங்கள்.)

அப்புறம், படத்தில் உள்ள எழுத்தைத் தேடுபொறி பிடிக்கும் என்று நம்ப முடியாது. தேதி, நேரம், கூடும் இடத்தின் கூகுள் மேப் இணைப்பு, கட்டணம் உண்டா, குழந்தைகளைக் கூட்டி வரலாமா, குன்றில் எவ்வளவு ஏற வேண்டும் என எல்லாவற்றையும் பதிவிலேயே தட்டச்சு செய்யுங்கள். ஃபேஸ்புக்கில் 'ஈவென்ட்' ஆகவும் போட்டால், ஆர்வம் காட்டியவர்களுக்கு நினைவூட்டல் போகும்.

உங்கள் குழுவுக்குள்ளேயே சுற்றாமல், ஊர்ப் பக்கங்கள், புகைப்படக்காரர்கள், ஆசிரியர்கள் குழுக்களில் கேட்டுவிட்டுப் பகிருங்கள். ஏப்ரல் 18 உலக மரபு நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அந்தச் சமயத்தில் உள்ளூர் நிருபர்களுக்கும் இப்படிச் செய்தி தேவைப்படும், ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

நடை முடிந்ததும் குழுப்படம் மட்டும் போடாதீர்கள். ஒருவர் கல்வெட்டு வரியை விரல் வைக்காமல் சுட்டிக்காட்டிப் படிக்கும் ஒரு நிமிட வீடியோ, கீழே அடுத்த நடையின் தேதி. அது போதும்.