அமெரிக்கக் கால்பந்தில், பந்தைப் பிடிக்கும் நட்சத்திர ரிசீவர் போய்விட்டால், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் தடுமாறுவாரா?

அவசியமில்லை. கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 2022இல் தன் நட்சத்திர ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமி அணிக்குக் கொடுத்துவிட்டது. அந்த சீசனில் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்தது 5,250 கெஜம், 41 டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பெறும் ஸ்கோர்). சரி, ஹில்? மயாமியில் அவரும் 1,710 கெஜம் எடுத்தார்.

அதனால் ரிசீவர்களின் பெயரை எடைபோடாதீர்கள். அவர்கள் எப்படித் தனியாக விடப்படுகிறார்கள் என்று பாருங்கள். அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில், ஈகிள்ஸ் அணிக்கு எதிராக, கடைசிக் கால்பகுதி. கோல் கோட்டுக்கு 5 கெஜம் முன்னால் சீஃப்ஸ் ரிசீவர் கடாரியஸ் டோனி நடுவை நோக்கி ஓடினார், சட்டென்று வந்த வழியே திரும்பினார். பந்து வந்தபோது பக்கத்தில் ஆளே இல்லை. அப்புறம் இன்னொரு ரிசீவர் ஸ்கை மூருக்கும் அதே வித்தை. 38-35 என வென்றார்கள்.

ஆனால் அந்த சீசனில் 110 பந்துகளைப் பிடித்த டிராவிஸ் கெல்சி சீஃப்ஸ் அணியின் நடுவில் இருந்தார். அப்படி நம்பகமான ஒருவர்கூட இல்லாத அணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்றே நினைக்கிறேன்.