ரொக்கம் மறைந்தால் சமூகத்தில் என்ன மாறும்?

ரொக்கப் புழக்கம் அற்றுப்போனால் மக்கள் வாழ்வில் என்ன நேரும் என்ற கேள்விக்கு, ஊகங்களைவிட ஸ்வீடனின் அனுபவமே நம்பத்தக்க விடையைத் தரும். 1661-இல் ஐரோப்பாவின் முதல் வங்கித்தாளை வெளியிட்ட அந்நாட்டில்தான் இன்று பல கடைகள், வாசலில் ஓர் அறிவிப்பை மாட்டிவிட்டு, பணத்தாளை வாங்க மறுக்கின்றன.

2012-இல் பெரிய வங்கிகள் சேர்ந்து தொடங்கிய ஸ்விஷ் என்னும் பணம் அனுப்பும் செயலி, நண்பர்களுக்கிடையிலான சில்லறைக் கணக்கைக்கூடக் கைப்பேசிக்கு மாற்றியது. 2013-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிக் கிளைக்குள் நுழைந்த கொள்ளையன், அங்கே ரொக்கமே இல்லாததால் வெறுங்கையோடு திரும்பினான் என்பது வேடிக்கையான செய்திதான். ஆயினும் திருட்டு ஒழிந்துவிடவில்லை. வங்கி ஊழியர்போல் பேசி முதியவர்களை ஏமாற்றி, அவர்கள் கையாலேயே மின்னணு ஒப்புதல் பெற்றுக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடியாக அது உருமாறியது.

என் பார்வையில் இதைவிடக் கனமான விளைவு, ஒதுக்கப்படுதலே. ஸ்விஷைப் பயன்படுத்த வங்கிக் கணக்கும் பாங்க்ஐடி என்னும் மின்னணு அடையாளமும் வேண்டியிருப்பதால், புதிதாக வந்து சேர்ந்த அகதியும், திறன்பேசி பழகாத மூதாட்டியும், பார்வைக் குறைபாடுடையவரும் சிறு செலவுக்கும் பிறர் உதவியை நாட நேர்கிறது. தம் பணத்தைத் தாமே எண்ணிக் கொடுக்கும் தன்மதிப்பு அவர்களிடமிருந்து நழுவுகிறது. தவிரவும், ஒவ்வொரு செலவும் எங்கோ பதிவாகிறது.

ரொக்கத்தை முற்றிலும் கைவிட முடியாது என்பதை அரசும் உணர்ந்தது. 2018-இல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்கால வழிகாட்டியில், குறைந்த மதிப்புள்ள பணத்தாள்களைக் கையிருப்பில் வைக்கச் சொன்னது. பின்னர் பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைத் தொடர வேண்டும் எனச் சட்டமும் இயற்றியது.