டூட்டிங் பெக் லைடோல வருஷம் பூரா நீந்துறதுல அப்படி என்ன இருக்கு?

கேள்வி: லண்டன் மாதிரி ஊர்ல சூடு பண்ணாத திறந்தவெளி நீச்சல் குளத்துல குளிர்காலத்துலயும் விடாம நீந்துறாங்களே, அதுல அப்படி என்ன சுகம்?

நான் தெற்கு லண்டன்ல டூட்டிங்ல இருக்கேன், இங்க டூட்டிங் பெக் லைடோல (லைடோன்னா திறந்தவெளி நீச்சல் குளம்) பல வருஷமா எல்லா மாசமும் நீந்திட்டு இருக்கேன், அதனால இத எழுதலாம்னு நினைக்கிறேன். எனக்கு என்ன தோணுதுன்னா, குளம் ஒண்ணுதான் ஆனா தண்ணி வாரத்துக்கு வாரம் மாறிக்கிட்டே இருக்கும், அந்த மாற்றத்த உடம்பு தெரிஞ்சுக்கறதுதான் இதுல முக்கியமான சுகம். விடாம போறவங்களுக்குத்தான் இது கிடைக்கும். எப்பவாவது நல்ல வெயில் நாள்ல போய் ஒரு குதி குதிச்சுட்டு வந்தா அதுவும் சந்தோஷம்தான், ஆனா அது வேற.

முதல்ல இடத்தப் பத்தி சொல்லிடறேன். டூட்டிங்ல நம்ம தமிழ் ஆளுங்க நிறைய, மெயின் ரோட்டுல முருங்கக்காய்லருந்து இடியாப்ப மாவு வரைக்கும் எல்லாம் கிடைக்கும், அங்கருந்து நடக்குற தூரத்துல காமன்னு சொல்ற பெரிய பொதுப் பூங்காவுல மரங்களுக்கு நடுவுல இந்தக் குளம் இருக்கு. 1906 ஜூலைல திறந்தது. வேலையில்லாம இருந்தவங்களுக்கு வேலை குடுக்கறதுக்காக அவங்கள வெச்சே தோண்டினது. நீளம் 100 கஜம், அதாவது 91 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அகலம் 33 கஜம். ஒலிம்பிக் குளமே 50 மீட்டர்தான், அப்ப இது எவ்வளவு பெருசுன்னு பாத்துக்கோங்க. பக்கத்துல வரிசையா உடை மாத்துற ரூமுங்க, கதவெல்லாம் சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பளிச்சுனு இருக்கும், வானம் சாம்பல் கலர்ல தொங்குற நாள்ல அந்தக் கதவுங்களப் பாத்தாலே மனசு கொஞ்சம் தெளியும். ஆரம்பத்துல ஆம்பளைங்களுக்குத்தான் இது, பொம்பளைங்களுக்கு வாரத்துல ஒரே ஒரு காலை மட்டும்தான் விட்டாங்க, சேர்ந்து நீந்தறது 1931லதான் வந்துச்சு. இன்னைக்குக் குளிர்காலக் காலைல போனீங்கன்னா நிறையப் பொம்பளைங்களப் பாக்கலாம், எனக்கு அது ஒவ்வொரு தடவையும் சந்தோஷமா இருக்கும்.

இந்தக் குளத்துல கிட்டத்தட்ட 45 லட்சம் லிட்டர் தண்ணி. சூடு பண்றதே கிடையாது. இவ்வளவு தண்ணி சட்டுனு சூடாகவும் செய்யாது, சட்டுனு ஆறவும் செய்யாது, அதனால காத்துல வர்ற பருவம் ஒண்ணு, தண்ணிக்குள்ள இருக்கற பருவம் ஒண்ணு, ரெண்டாவது கொஞ்சம் பின்னாடிதான் வரும். ஏப்ரல்ல வெளிய பூவெல்லாம் பூத்து ஜனங்க கோட்டக் கழட்டிட்டு நடப்பாங்க, தண்ணிக்குள்ள இறங்கினா இன்னும் குளிர்காலம் முழுசா போயிருக்காது. அதே மாதிரி செப்டம்பர்ல காலைல மூக்கு நுனி சில்லுனு இருக்கும், தண்ணி மட்டும் ஆகஸ்ட் வெயில உள்ள பிடிச்சு வெச்சிருக்கும். என்னைக் கேட்டா வருஷத்துலயே சிறந்த நீச்சல் செப்டம்பர்தான். ஸ்கூல் திறந்துடும், கூட்டம் குறைஞ்சிடும், வெயில் சாய்வா விழுந்து அடித்தளத்துல வலை வலையா நெளியும், மரத்துலருந்து ஒண்ணு ரெண்டு ஓக் இலை விழுந்து மிதக்கும், நாம பாட்டுக்கு அந்த இலைங்கள ஒதுக்கிட்டே போய்க்கிட்டு இருக்கலாம்.

91 மீட்டர் நீளத்தோட அருமை அப்பதான் தெரியும். 25 மீட்டர் குளத்துல நாலு கை போட்டு மூச்சு ஒரு தாளத்துக்கு வரும்போதே சுவர் வந்துடும், திரும்பணும், மறுபடி முதல்லருந்து. இங்க அப்படி இல்ல, அந்தக் கரை வர்றதுக்குள்ள தாளம் பிடிச்சு, பிடிச்ச தாளத்துலயே ரொம்ப நேரம் போகலாம், மனசுல ஓடிட்டு இருக்கற ஆபீஸ் பேச்செல்லாம் பாதி வழியிலயே நின்னுடும். மல்லாக்க நீந்தினா மேல வானம் மட்டும்தான், உள்ளரங்கக் குளத்துல கூரையையும் ட்யூப் லைட்டையும் பாத்துட்டு நீந்தறதோட இத ஒப்பிடவே முடியாது.

அக்டோபர்லருந்துதான் விஷயமே ஆரம்பிக்குது. அப்ப நாலஞ்சு நாள் போகாம விட்டு மறுபடி இறங்கினா, ரெண்டு டிகிரி இறங்கியிருக்கறது தோள்பட்டைலயே தெரியும், போர்டுல எழுதியிருக்கற எண்ணப் பாக்கவே வேணாம். நவம்பர்ல பத்துக்குக் கீழ போயிடும், ஜனவரில மூணு நாலு டிகிரி சாதாரணம், கடுங்குளிர் வந்தா மேல மெல்லிசா ஐஸ் கட்டும். டிசம்பர் கடைசில இங்க சூரியன் காலைல எட்டு மணிக்கு மேலதான் வரும், சாயங்காலம் நாலு மணிக்குள்ள போயிடும், வேலைக்குப் போறவங்க பல பேர் வாரம் பூரா வெளிச்சத்தையே சரியா பாக்க மாட்டாங்க. அந்த மாசத்துல விடிஞ்சும் விடியாத நேரத்துல, காத்து மைனஸ்லயும் தண்ணி நாலு டிகிரிலயும் இருக்கும்போது, குளம் முழுக்க ஆவி பறக்கும், கம்பளித் தொப்பி போட்ட தலைங்க மட்டும் அதுக்குள்ள மெதுவா நகரும். அந்த வெளிச்சம் முழுசும் நமக்குக் கிடைச்ச மாதிரி இருக்கும்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம், அப்பா இடுப்புல சொரப்புருடையக் கட்டி கெணத்துல இறக்கி விட்டுத்தான் நீச்சல் கத்துக்கிட்டேன். அம்மா போன்ல "மார்கழித் தண்ணியவிடவா கண்ணு குளுந்துறப் போவுது"ன்னு கேப்பாங்க. உண்மையச் சொன்னா நம்ம ஊர்க் கெணத்துத் தண்ணி மார்கழிலயும் இங்க ஆகஸ்ட் மாசத் தண்ணிய விட வெதுவெதுப்பா இருக்கும். ஆனா விடியறதுக்கு முன்னாடி பச்சத்தண்ணிய தலைக்கு ஊத்திட்டு கோயிலுக்கு நடந்தா உடம்புல ஒரு வேகமும் தெளிவும் வருமே, அது என்னன்னு அம்மாவுக்கு நல்லாத் தெரியும், அதனால இதை அவங்களுக்கு விளக்கறது கஷ்டமா இல்ல.

இப்ப, குளிர்ல என்ன சுகம்னு கேக்கறீங்க. முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் சுகம் கிடையாது, அது உண்மை. தோல் திடீர்னு குளிர்றதுல மூச்சு தானா உள்ள இழுக்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், இதுக்குப் பேர் கோல்ட் ஷாக். ஆபத்தும் அங்கதான் இருக்கு, தலை தண்ணிக்குள்ள இருக்கும்போது அந்த மூச்சு இழுத்தா முடிஞ்சுது. போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்துல மைக் டிப்டன்னு ஒரு பேராசிரியர் ரொம்ப காலமா இதை ஆராய்ச்சி பண்றார், அவங்க கண்டுபிடிச்சது என்னன்னா, ரெண்டு மூணு நிமிஷம்னு ஒரு ஆறு தடவை குளிர்ந்த தண்ணில இறங்கினாலே இந்த அதிர்ச்சி கிட்டத்தட்ட பாதியா குறையுது, அந்தப் பழக்கம் உடம்புல மாசக்கணக்குல தங்குது. தவறாம போறதோட பலன் இதுதான். கோடைல ஆரம்பிச்சு நிறுத்தாம போறவங்களுக்கு குளம் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா குளிரும், உடம்பும் கூடவே இறங்கி வரும், ஜனவரி வர்றப்ப மூச்சு நம்ம பேச்சக் கேக்கும். அந்த ரெண்டு நிமிஷம் தாண்டினதும் தோல் முழுக்க மெல்ல ஒரு எரிச்சல் மாதிரி, கூசற மாதிரி பரவும், வேற எந்த யோசனைக்கும் இடமே இருக்காது. வெளிய வந்து துடைச்சதும் உடம்பு செவந்து, காரணமே இல்லாம சிரிப்பு வரும், பக்கத்துல நிக்கறவங்களும் சிரிச்சிட்டுத்தான் இருப்பாங்க.

வெளிய வந்த பிறகுதான் அதிகம் கவனமா இருக்கணும். உள்ள இருக்கற சூடு குளிர்ந்துபோன வெளிப்பக்கத்துக்குப் போய்க்கிட்டே இருக்கறதால, கரையேறின பிறகும் பத்து இருபது நிமிஷம் உடம்புச் சூடு இறங்கிட்டே போகும், ஆஃப்டர் டிராப்னு சொல்வாங்க. உடனே கொதிக்கற ஷவர்ல போய் நிக்கக் கூடாது, மயக்கம் வரலாம். ஈரத்த மொதல்ல கழட்டி, மேல் உடம்ப மூடி, தொப்பி போட்டு, சூடா குடிக்கணும். எனக்கு ஃப்ளாஸ்க்ல சுக்கு காபி. ஒருத்தங்க ருசி பாத்துட்டு இப்ப அவங்க வீட்டுலயும் அதான் போடறாங்களாம்.

அங்க நீந்த வர்ற ஜனங்களப் பத்தியும் சொல்லணும். சவுத் லண்டன் ஸ்விம்மிங் கிளப்னு ஒண்ணு இருக்கு, குளம் திறந்த அதே 1906ல ஆரம்பிச்சது, குளிர்காலத்துல அதோட மெம்பர்களுக்காகத்தான் குளம் திறந்திருக்கும். இருபது வயசுப் பொண்ணும் எழுபது வயசுக்காரரும் ஒரே ஓரத்துல உக்காந்து கையுறைய மாட்டிட்டு இருப்பாங்க, யாரு என்ன வேலைன்னு யாரும் கேக்கறதில்ல, "இன்னைக்கு எவ்வளவு?"ன்னு டிகிரியத்தான் கேப்பாங்க. வெளிநாட்டு ஊர்ல ஒரு இடத்துல நம்மளப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, ஒரு வாரம் வரலன்னா எங்கன்னு விசாரிக்கறாங்கன்னா அது சின்ன விஷயம் இல்ல.

அப்புறம் பிப்ரவரி கடைசில தண்ணி அஞ்சு டிகிரி ஆகும், மார்ச்ல ஏழு, எட்டு. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஒரு சுத்து கூட நீந்தலாம்னு தோணும். பத்து டிகிரிய தாண்டுற நாள் எங்களுக்கெல்லாம் பண்டிகை மாதிரி.

ஆரம்பிக்கணும்னா ஜனவரில வீராப்பா இறங்காதீங்க. கோடைல பொதுமக்களுக்குத் திறப்பாங்க, அப்ப வந்து, குளிர்காலத்துக்குக் கிளப் மெம்பராகி, செப்டம்பரத் தாண்டி விடாம போங்க. இதய நோயோ பிரஷரோ இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, தனியா இறங்காதீங்க, குதிக்காம படில மெதுவா இறங்குங்க. பொண்ணுங்க நிறைய பேர் உடையப் பத்தித் தனியா மெசேஜ்ல கேக்கறாங்க, கை கால் முழுசா மூடற ஸ்விம்சூட் போட்டுட்டு நானே வருவேன், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க, தைரியமா வாங்க.