கேள்வி – பதில்: மணி அடித்ததும் கைவேலை நிற்கட்டும்

புனித ஆசீர்வாதப்பரின் (பெனடிக்ட்) துறவு மட வாழ்வைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம். கீழே ‘ஒழுங்கு’ என்று வருவது, 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மொந்தே கசினோவில் அவர் தம் துறவிகளுக்கு எழுதிய சிறு நூல். ஒரு முன்னுரையும் 73 அதிகாரங்களும் கொண்டது.

தோலகட்டி ஆச்சிரமத்தில் இருப்பவர்களும் ஆசீர்வாதப்பர் சபையினர்தானா? (வாசகர், இளவாலை)

இல்லை. தோலகட்டியில் இருப்பது செபமாலைத் தாசர் சபை. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928இல் அங்கேயே தொடங்கியது. மௌனம், செபம், கைவேலை ஆகியவை இரு சபைகளுக்கும் பொது என்பதால் இந்த மயக்கம் வருகிறது. ஆசீர்வாதப்பர் வழியினரில் சில்வெஸ்திரீன் கிளையினர் 1845இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுடைய மடம் கண்டி அம்பிட்டியவில் இருக்கிறது.

என் கணவர் விடியப்புறம் இரண்டு மணிக்குக் கடலுக்குப் போய்விடுவார். ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி ரியூசனுக்கு அனுப்ப வேண்டும். துறவிகளைப் போல ஏழு வேளையும் செபிக்கத் தொடங்கி, சில நாட்களிலேயே விட்டுவிட்டேன். எங்கே பிழை? (வாசகி, குருநகர்)

எண்ணிக்கையில்தான் பிழை. பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை என்பது 119ஆம் திருப்பாடலின் 164ஆம், 62ஆம் வசனங்களை வைத்து ஒழுங்கில் வந்த கணக்கு. 150 திருப்பாடல்களையும் ஒரு கிழமைக்குள் பாடி முடிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இதெல்லாம் ஒரே வளவுக்குள் வாழ்ந்து, சமையலை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஆட்களுக்குச் சொன்னது. அந்த ஏழில் ‘முதலாம் மணி’ வேளையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் எடுத்துவிட்டது. மடங்களே குறைத்துக்கொண்டதை ஒரு தாய் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

ஒரு வேளையில் தொடங்குங்கள். எங்கள் தெரிவு, அந்த ஏழில் கடைசியாகப் படுக்கைக்கு முன் வரும் இரவுச் செபம். ஒழுங்கின்படி அதற்கு ஆண்டு முழுவதும் அதே மூன்று திருப்பாடல்கள்தான்: 4, 91, 134. (ஒழுங்கின் பழைய பதிப்புகளில் 4, 90, 133 என்றிருக்கும். எண்ணிடும் முறைதான் வேறு, பாடல்கள் ஒன்றே.) மூன்றும் சேர்த்து 27 வசனங்கள். இரண்டு மாதத்தில் மனனமாகிவிடும், பிறகு புத்தகமும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். ஆறுதலாகச் சொன்னாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இருவர் இருந்தால் மாறி மாறிச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு வசனம், மற்றவர் அடுத்தது. ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டும். வசனங்களுக்கிடையில் நிறுத்தம் தேவையில்லை, மற்றவர் முடித்த உடனே தொடங்கலாம். பெரும்பாலும் இது தலைகீழாகிவிடும். நடுவில் ஓடிவிட்டு முடிவில் இழுப்பார்கள், வேகம் ஏறும், குரல் இறங்கும், ஐந்தாவது வசனத்தில் வாய் மட்டும் ஓடும். நடு நிறுத்தத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகச் சீராகும்.

நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாமல் ஒரு வேலையில் கட்டுங்கள். இரவுச் சட்டி பானை கழுவிக் கவிழ்த்ததும் செபம் என்று வையுங்கள். அந்தக் காலத்து மடத்து மணிகளும் மாரியில் குறுகிக் கோடையில் நீண்டவைதான், பகல் வெளிச்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்ததே அவர்களுடைய மணி. கைத்தொலைபேசியில் அலாரம் வைக்காதீர்கள். அதை நிறுத்தக் கையில் எடுத்தால் வட்ஸ்அப் திறந்துவிடும். ஒழுங்கின் 43ஆம் அதிகாரம் மணி கேட்டதும் கையில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டு வரச் சொல்கிறது. நீங்கள் விட வேண்டிய முதற்பொருள் அந்தத் தொலைபேசியாகவே இருக்கும்.

அதே அதிகாரத்தில் உங்களுக்கு ஆறுதலும் உண்டு. பிந்தி வருபவர்கள் வந்து சேரட்டும் என்றே இரவில் எழுந்து செய்யும் வழிபாட்டின் தொடக்கத்தில் 95ஆம் திருப்பாடலை நன்றாக இழுத்துப் பாடச் சொல்கிறார் ஆசீர்வாதப்பர். அதற்கும் பிந்தியவனுக்குத் தண்டனை உண்டு, ஆனாலும் வெளியே நிறுத்தக் கூடாது. வெளியே நின்றால் திரும்பிப் போய்ப் படுப்பான், அல்லது குந்தியிருந்து கதை அளப்பான் என்பதே காரணம். மனிதரை அறிந்தவர் எழுதியது! பாதியில் பிள்ளை கூப்பிட்டால் போய்விட்டு வந்து, விட்ட இடத்தில் சேருங்கள். முதலில் இருந்து தொடங்க வேண்டாம்.

உங்கள் கணவருக்கு 50ஆம் அதிகாரம் பொருந்தும். தொலைவில் வேலை செய்பவர்கள் வேளை வரும்போது நின்ற இடத்திலேயே செபிக்கலாம் என்கிறது. இரவில் ஆண்டவர் முன் நிற்பவர்களைப் பற்றிய 134ஆம் திருப்பாடல் மூன்றே வசனங்கள். வலை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கு அது போதும்.

தினமும் விவிலியத்தில் ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். மத்தியானத்துக்குள் ஒன்றும் நினைவில் இல்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர், சில்லாலை)

அளவு கூடிவிட்டது. ‘லெக்சியோ டிவினா’ எனும் இறைவாசிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு வசனங்கள் போதும். முதல் தரம் வாய்விட்டு வாசியுங்கள். மத்தியானம் படுக்கையில் வாசிக்க விரும்புபவன் மற்றவருக்கு இடைஞ்சலில்லாமல் வாசிக்கட்டும் என்று 48ஆம் அதிகாரம் சொல்வதிலிருந்தே, குரலெழுப்பி வாசிப்பது அன்று வழக்கம் என்று தெரிகிறது. இரண்டாம் தரம் மெதுவாக வாசித்து, மனம் தட்டும் சொல்லில் நின்றுவிடுங்கள். அந்தச் சொல்லை முணுமுணுத்துக்கொண்டிருங்கள். பிறகு அதை வைத்தே கடவுளிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், பிறகு சும்மா இருங்கள். வாசிப்பு, தியானம், செபம், உற்றுநோக்கல் என்று இதை நான்கு படிகளாக வகுத்தவர் 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் குய்கோ. அவர் கார்த்தூசியன் துறவி, ஆசீர்வாதப்பர் சபையினர் அல்லர்.

ஆசிரியர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு: வாசிக்கும்போதே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவது. ‘இதை மறைக்கல்வி வகுப்பில் சொல்லலாம்’ என்ற எண்ணம் வந்தால் ஒரு துண்டில் குறித்து மூடிவைத்துவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். விளக்கவுரை நூலையும் அந்த அரைமணி நேரம் திறக்க வேண்டாம். தூக்கம் வந்தால் நேரத்தை மாற்றுங்கள். கோடையில் துறவிகள் காலையில் வேலை செய்து, ஏறக்குறைய பத்து மணி முதல் நண்பகல்வரை வாசித்து, சாப்பிட்டபின் படுத்தார்கள். சித்திரை வெயிலில் சாப்பிட்டுவிட்டு வாசிக்க முயல்வது வீண்.

தியானத்துக்குப் போனபோது மௌனமாகச் சாப்பிட்டோம், பிடித்திருந்தது. வீட்டில் எல்லோரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். மௌனச் சாப்பாட்டைக் கொண்டுவரலாமா? (வாசகி, பாசையூர்)

கிழமைக்கு ஒரு நாள், ஞாயிறு மத்தியானம் மட்டும் செய்து பாருங்கள். மடத்தில் அது வெறும் மௌனம் அல்ல, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது. வாசிப்பவரைக் கிழமைக்கு ஒருவராக வைப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் முறை வராது, கேட்பவருக்குப் பயன்படும்படி வாசிக்கக்கூடியவருக்கு மட்டும்தான். வீட்டிலும் தட்டித் தடவி வாசிக்கும் பிள்ளையை மற்றவர் முன் நிறுத்தாதீர்கள். புனிதர் வரலாறு அல்லது நல்ல பயணக் கதை எடுங்கள், பிரசங்கம் வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

மௌனம் உடைவது பெரும்பாலும் மேசையால்தான். சோறு, கறி, சொதி, பொரியல், தண்ணீர், அகப்பை எல்லாம் வாசிப்புக்கு முன்னரே வந்துவிட வேண்டும். யாரும் எதையும் கேட்கத் தேவையில்லாதபடி ஒருவர் தேவையை மற்றவர் பார்த்து நகர்த்த வேண்டும் என்கிறது 38ஆம் அதிகாரம். ‘உப்பு எங்கே?’ என்ற ஒரு குரல் வந்தால் அதோடு சரி. பக்கத்திலிருப்பவருடைய கோப்பையைக் கவனிக்கப் பழக்குவதுதான் இதன் பயிற்சி, வாயை மூடுவது அதற்கு உதவி.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். மடத்தில் குசினிப் பணி கிழமைக்கிழமை கைமாறும். வயதையும் பதவியையும் பார்த்து யாரும் தப்ப முடியாது, நோயாளிகளும் வேறு முக்கிய பொறுப்பில் இருப்பவர்களுமே விலக்கு. முணுமுணுக்காமல் பரிமாறட்டும் என்று, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பரிமாறுபவர்களுக்கு வழமையான பங்குக்கு மேலதிகமாகக் குடிக்கவும் கொஞ்சம் அப்பமும் கொடுப்பார்கள். பணி முடியும் சனிக்கிழமை துவாய்களைத் துவைத்து, எல்லோருடைய பாதங்களையும் கழுவி, பாத்திரங்களைச் சுத்தமாகவும் பழுதில்லாமலும் பண்டகசாலைப் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பார்கள். நம் வீடுகளில் சமைத்தவளே பரிமாறி, எல்லோரும் எழும்பிய பிறகு அடிப்பானையோடு இருப்பாள். மடத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பதென்றால், மௌனத்தை விட்டுவிட்டு இந்தக் கைமாற்றத்தை எடுங்கள்.

கோபத்தோடு செபத்தில் நிற்கலாமா? (வாசகர், ஊர்காவற்றுறை)

நிற்கலாம். கூடி வாழும் இடத்தில் முட்கள் முளைக்கும் என்பதாலேயே, காலையிலும் மாலையிலும் தலைவர் கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும் என்று 13ஆம் அதிகாரம் வைத்திருக்கிறது. ‘நாங்கள் மன்னிப்பது போல’ என்ற வரியில் அகப்படாமல் யாரும் படுக்கைக்குப் போக முடியாது. வீட்டிலும் அந்தச் செபத்தை மனதுக்குள் சொல்லாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மகன் உயர்தரம் முடித்துவிட்டு மடத்தில் சேரப்போகிறேன் என்கிறான். உடனே எடுப்பார்களா? (தந்தை, நாரந்தனை)

எடுக்க மாட்டார்கள். வந்து தட்டுபவனை நாலைந்து நாள் வாசலிலேயே பொறுமை பார்க்கச் சொன்னவர் ஆசீர்வாதப்பர். உள்ளே எடுத்த பிறகும் இரண்டு மாதம், ஆறு மாதம், நாலு மாதம் என்று மூன்று தடவை ஒழுங்கை முழுவதும் வாசித்துக் காட்டி, ‘இயலாவிட்டால் போகலாம்’ என்பார்கள். இன்றைய திருச்சபைச் சட்டப்படி புகுமுகத் துறவுக் காலம் குறைந்தது 12 மாதம், அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு (துறவு வாக்குறுதி) குறைந்தது மூன்று ஆண்டு. முதலில் சில நாள் விருந்தினராகத் தங்கி வரட்டும். ஞானஸ்நான, உறுதிபூசுதல் சான்றிதழ்களைப் பங்கில் எடுத்து வையுங்கள். தீர்க்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கச் சட்டம் இடம் கொடாது. தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தால் அதை முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.